லாஜிக் ப்ரோவின் டால்பி அட்மாஸ்: பாட்டு மிக்ஸுக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக் ப்ரோவுக்குள்ளேயே, 2021 அக்டோபரில் வந்த 10.7 பதிப்பிலிருந்து, அட்மாஸ் ரெண்டரர் இருக்கிறது. கேட்பவரைச் சுற்றியும் தலைக்கு மேலும் ஒலியை வைக்கும் முறை டால்பி அட்மாஸ்; அந்த இடங்களைக் கணக்கிட்டு ஸ்பீக்கருக்கோ ஹெட்ஃபோனுக்கோ ஒலியாக்கித் தருவது ரெண்டரர். தனி ரெண்டரர் வாங்க வேண்டாம். அந்தத் தனி ரெண்டரருக்கு ஒலியைக் கொண்டுபோகும் 130 சேனல் டால்பி ஆடியோ பிரிட்ஜை நிறுவி டைம்கோடு பொருத்தும் வேலையும் இல்லை. மேக் வைத்திருக்கும் பாட்டு மிக்ஸருக்கு அட்மாஸில் நுழைய இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் மெனுவில் ஆன் செய்த கையோடு மிக்ஸில் இறங்கினால் பாதியில் சிக்கிக்கொள்வீர்கள்.

முதலில் சாம்பிள் ரேட். அட்மாஸ் 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸில்தான் ஓடும். 44.1-இல் பதிவான பாட்டில் ப்ராஜெக்ட் எண்ணை மட்டும் 48 ஆக்கினால் ஃபைல்கள் வேகமாக ஓடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். எல்லா ட்ராக்கையும் ஒரே தொடக்கப்புள்ளியிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து, புதிய 48 ப்ராஜெக்ட்டில் சாம்பிள் ரேட்டை மாற்றி இம்போர்ட் செய்வதே பத்திரமான வழி. பாட வேண்டியது, வாசிக்க வேண்டியது எல்லாம் பதிவான பிறகு அட்மாஸுக்கு மாறுங்கள். ரெண்டரர் சேர்க்கும் தாமதம் ஹெட்ஃபோன் போட்டுப் பாடுபவரைத் தடுமாற வைக்கும்.

ப்ராஜெக்ட் செட்டிங்ஸின் ஆடியோ பகுதியில் ஸ்பேஷியல் ஆடியோவை டால்பி அட்மாஸ் என்று வைத்ததும் 7.1.2 பெட் (சுற்றிலும் ஏழு, எல்எஃப்இ என்னும் அடியொலிக்கு ஒன்று, உயரத்தில் இரண்டு என்று நிலையான பத்து சேனல்) அமையும், மாஸ்டரில் அட்மாஸ் ப்ளக்-இன் வந்து உட்காரும். ஸ்டீரியோ அவுட்டில் இருந்த கம்ப்ரஸரும் ஈக்யூவும் இனி ஒலியின் பாதையில் இல்லை. மிக்ஸ் திடீரென்று தளர்ந்து கேட்பது இதனால்தான். மாஸ்டரில் அட்மாஸ் ப்ளக்-இன்னுக்கு முன்னால் போடும் எதுவும் பெட்டை மட்டுமே தொடும். ஆப்ஜெக்ட்கள், அதாவது பெட்டில் சேராமல் தனித்தனியாக இடம் குறிக்கப்படும் ஒலிகள், அதன் வழியே வருவதில்லை. பின்னால் போடும் லிமிட்டர் உங்கள் காதுக்கு மட்டும்தான், கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும் ஏடிஎம் (ADM) என்ற அட்மாஸ் மாஸ்டர் ஃபைலில் ஏறாது. ஆக, அழுத்த வேண்டியதை ட்ராக்கிலும் குழு பஸ்ஸிலும் முடித்துவிட வேண்டும்.

ரெண்டரருக்குள் மொத்தம் 128 சேனலுக்கு இடம். பெட்டுக்கு 10 போனால் ஆப்ஜெக்ட்டுக்கு 118; ஸ்டீரியோ ட்ராக் ஒன்று இரண்டு இடம் பிடிக்கும். பாட்டுக்கு இது தாராளம். எதை ஆப்ஜெக்ட் ஆக்குவது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். பெட்டில் உயரத்துக்கு இரண்டே சேனல். அதனால் தலைக்கு மேலே முன், பின் என்று பிரித்து வைக்க முடியாது. அந்தத் துல்லியம் வேண்டுமென்றால் பான் குமிழின் மெனுவில் 3டி ஆப்ஜெக்ட் பேனருக்கு மாற்றியே ஆக வேண்டும். தம்புரா, பேட், ரிவெர்ப் ரிட்டர்ன் போன்று பரவிக் கிடப்பவை பெட்டிலேயே நன்றாக இருக்கும். முன்னணிக் குரல், தனித்து ஒலிக்கும் தாளக் கருவிகள், பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் கோரஸ் குரல்கள் ஆப்ஜெக்ட்டுக்கு ஏற்றவை.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் சம்மிங் ஸ்டாக். உள்ளே இருக்கும் ட்ராக்குகள் ஒரே பஸ்ஸில் கலந்துவிடுவதால் எட்டு கோரஸ் குரலுக்கு எட்டு இடம் கொடுக்க முடியாமல் போகும். ஃபோல்டர் ஸ்டாக்காக மாற்றினால் அளவைச் சேர்த்து ஏற்றி இறக்கலாம், இடம் தனித்தனியாக நிற்கும்.

ஆப்ஜெக்ட்டிலிருந்து எல்எஃப்இ-க்கு நேர்வழி இல்லை. பெட்டில் இருக்கும் ஒரு ஆக்ஸுக்கு (துணைச் சேனல்) செண்ட் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். கிக்கின் அடிப்பகுதியை எல்எஃப்இ-யில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்டீரியோவாக மடியும்போது எல்எஃப்இ கழன்றுவிடும், பாட்டு எலும்பாகக் கேட்கும்.

டால்பி சொல்லும் ஒலியளவு வரம்பு மைனஸ் 18 எல்கேஎஃப்எஸ் (பாட்டு முழுவதின் சராசரி உரப்பு), ட்ரூ பீக் (ஒலி தொடும் உச்சம்) மைனஸ் 1 டெசிபல். அதை 5.1-இல் அளக்க வேண்டும்: அட்மாஸ் ப்ளக்-இன்னில் மானிட்டரிங்கை 5.1 ஆக்கி, அதன் பின்னால் லவுட்னஸ் மீட்டரைப் போட்டு, பாட்டு முழுவதையும் ஓடவிடுங்கள். பைனாரலில் (ஹெட்ஃபோனுக்கான இரண்டு சேனல் வடிவம்) வரும் எண் வேறு, அதை நம்பக் கூடாது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் அடக்கமாக இருந்தாலும் எல்லாம் ஒரே ஸ்பீக்கரில் கூடும்போது பீக் தாண்டும். அப்போது மாஸ்டரைத் தொட்டுப் பயனில்லை, குழுக்களைத்தான் குறைக்க வேண்டும்.

ஹெட்ஃபோனில் டால்பி பைனாரல், ஆப்பிள் ரெண்டரர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க முடிவது லாஜிக்கின் பெரிய பலம். நியர், மிட், ஃபார் என்று நீங்கள் கவனமாக வைக்கும் தூரத்தை ஆப்பிள் ரெண்டரர் கணக்கில் எடுப்பதில்லை. அந்த அமைப்பை மட்டும் நம்பிக் குரலை அருகில் கொண்டுவந்திருந்தால் ஆப்பிள் மியூசிக்கில் குரல் ரிவெர்ப்புக்குள் ஒதுங்கிவிடும். குரலின் ஈரத்தையும் (அதில் சேரும் ரிவெர்ப்) அளவையும் இரண்டிலும் நிற்கும்படி சரிசெய்த பிறகே ஏடிஎம் எக்ஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

குறை என்று சொன்னால் ஒற்றைப் பெட். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றுக்கும் தனித்தனி பெட் கேட்கும் பட வேலைக்கு இது ஒத்துவராது. அதற்கு ப்ரோ டூல்ஸ்தான், 2023.12 பதிப்பிலிருந்து அதன் ஸ்டுடியோ, அல்டிமேட் இரண்டிலும் ரெண்டரர் உள்ளேயே வருகிறது.