"1 மணி 7 நிமிடம்" என்று காட்டி 18,400 ரூபாயை விழுங்கிய டிக்கெட் ஆப்: உஷார்

மதுரையிலிருந்து மங்களூருக்கு அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போக டிக்கெட் போட்டேன். இரண்டு பேருக்கு 18,400 ரூபாய். பெயர் வேண்டாம், விமானம், பஸ், ஹோட்டல் எல்லாம் பதிவு செய்து தரும் ஒரு ஆப்.

தேடியதுமே பெரிய எழுத்தில் வந்தது: "தூரம் 490 கி.மீ., பறக்கும் நேரம் 1 மணி 7 நிமிடம்." அப்பாவுக்கு மூட்டுவலி, நாலடி நடந்தால் உட்கார வேண்டும். அதனால் பணம் கட்டும் முன்பே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, "நடுவுல இறங்கி ஏறணுமாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார், டைரக்ட்தான். ஸ்கிரீன்லயே 1 மணி 7 நிமிஷம்னு இருக்கே. அப்பாவுக்கு வீல்சேர் போட்டுடட்டுமா சார்?" என்றது அந்தப் பெண். வீல்சேர் வரைக்கும் விசாரிக்கிறவர்கள் பொய் சொல்வார்கள் என்று யாருக்குத் தோன்றும்? உடனே 18,400 கட்டினேன்.

பயண விவரம் முந்தின நாள் ராத்திரிதான் வந்தது. இரண்டு பிஎன்ஆர் (டிக்கெட் பதிவு எண்). மதுரை–பெங்களூர் ஒரு விமான நிறுவனம், பெங்களூர்–மங்களூர் வேறொன்று. ரத்து செய்தால் பைசா கிடையாதாம். டாக்டர் தேதியை விட முடியாமல் கிளம்பினோம். முதல் விமானம் 40 நிமிடம் தாமதம். தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றாம் டெர்மினலிலிருந்து இரண்டாம் டெர்மினலுக்கு அப்பாவைக் கூட்டிப்போவதற்குள் கவுன்டரை மூடிவிட்டார்கள். அப்புறம் காரில் சிராடி மலைப்பாதை வழியாக ராத்திரி முழுக்கப் பயணம். அப்பா வலியில் முனகிக்கொண்டே வந்தார்.

ஆப்காரர்கள், "அந்த நேரம் தகவலுக்கு மட்டும் சார், ஏர்லைன்ஸ்ல கேளுங்க" என்கிறார்கள். முதல் நிறுவனம், "ரெண்டாவது டிக்கெட் எங்களோடது இல்ல." இரண்டாவது, "நீங்கதான் லேட்." மறுபடி ஆப்பில் கேட்டால், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி! பெங்களூரில் இறக்கிவிட்டதற்கா 18,400 ரூபாய்?

அந்த 1 மணி 7 நிமிடம் எந்த விமானத்தின் நேரமும் இல்லை. இரண்டு விமான நிலையத்துக்கும் நேர்கோடு போட்டு, தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, விமானம் மேலே ஏறவும் தரையிறங்கவும் அரை மணி சேர்த்தால் அப்படியே வருகிறது. விமானமே ஓடாத ஊர்களுக்கும் இப்படிப் போடலாம். பெங்களூர் வழியாகப் போனால் பறக்கிற தூரம் மட்டுமே 680 கி.மீ. ஆகிவிடும்.

பணம் கட்டும் முன் விமான எண்ணைக் கேளுங்கள், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் சரிபாருங்கள். மாறி ஏறுவதாக இருந்தால் ஒரே பிஎன்ஆர்தானா என்று பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விமானத்தைத் தவறவிட்டாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்பத் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி, "நோ ஷோ, ஜீரோ" (விமானத்துக்கு வரவில்லை, பைசா கிடையாது) என்றால் விடாதீர்கள். விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும் 1915 நுகர்வோர் எண்ணிலும் நான் புகார் கொடுத்திருக்கிறேன்.