துப்பாக்கிக்கு 300 டாலரா, எட்டு வாரப் பயிற்சியா?

ஆயுதம் தூக்கிய, தூக்கக்கூடிய இளைஞர்களை வன்முறையிலிருந்து திருப்ப ஆப்பிரிக்காவில் பல வழிகளைச் செய்துபார்த்திருக்கிறார்கள். எது உதவியது? 2003 டிசம்பர், லைபீரியா. தலைநகர் மன்ரோவியாவுக்கு வெளியே ஷீஃபலின் முகாம். உள்நாட்டுப் போர் முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஐ.நா.விடம் ஆயுதத்தை ஒப்படைத்தால் தலைக்கு 300 டாலர் என்று பேச்சு. முகாம் தாங்காத கூட்டம் வந்தது. காசு உடனே கைக்கு வராது என்று தெரிந்ததும் கலவரம் வெடித்து, உயிர்கள் போயின. ஐ.நா. வேலையை நிறுத்தி, 2004 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கியது.

கடைசிக் கணக்கு இது: பெயர் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், வந்து சேர்ந்த துப்பாக்கிகள் சுமார் 28,000. பெண்களையும் சிறுவர்களையும் ஆயுதம் இல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள், அது நியாயம்தான். ஆனாலும் சண்டையே போடாத பலர் வரிசையில் நின்றதை மறுக்க முடியாது. துப்பாக்கி போனது, சரி. அதைப் பிடித்திருந்த கை அடுத்து என்ன செய்யும் என்பதற்கு 300 டாலரிடம் பதில் இல்லை.

அதே மன்ரோவியாவில் 2009 முதல் 2011 வரை வேறொன்றைச் செய்துபார்த்தார்கள். திருட்டு, போதைப்பொருள் விற்பனை, அடிதடி என்று திரிந்த 999 ஆண்களைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 200 டாலர் ரொக்கம், ஒன்றுக்கு மனப்பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், கடைசிப் பிரிவுக்கு எதுவும் கிடையாது. பயிற்சியை உருவாக்கியது நெப்பி என்ற உள்ளூர் அமைப்பு, அதன் முன்னோடி ஜான்சன் போர். (அமைதிக்கு உழைக்கிறவருக்கு இப்படி ஒரு பெயர்! தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.) சொல்லிக்கொடுத்தவர்களில் முன்னாள் போராளிகளும் இருந்தார்கள்.

சுமார் இருபது பேர் கொண்ட குழு, வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம். கோபத்தை அடக்குவது, நாளையைத் திட்டமிடுவது என்று பாடங்கள். எனக்குப் பிடித்தது வீட்டுப்பாடம்தான். முடிவெட்டி, குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வங்கிக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ செல்போன் கடைக்கோ போக வேண்டும். உள்ளே இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். வாசலிலேயே விரட்டப்பட்டுப் பழகியவனுக்கு அது சின்ன வேலையா?

காசு மட்டும் வாங்கியவர்களிடம் மாற்றம் சீக்கிரமே கரைந்தது. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடமும் ஒரு வருடத்தில் பெரும்பகுதி தேய்ந்துவிட்டது. இரண்டும் பெற்றவர்களிடம் நின்றது. பத்து ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்டபோதும் எதுவும் பெறாதவர்களைவிட இவர்களிடம் திருட்டு, வன்முறை போன்றவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. "கையில் காசு கொடுத்தால் போதையிலேயே கரைப்பான்" என்ற ஆருடமும் பொய்த்தது. பெரும்பாலும் சாப்பாடு, துணிமணி, சிறு வியாபாரம் என்றே செலவானது. வியாபாரம் நிலைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பணம் அவர்களைப் பணக்காரர்களாக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு புது மனிதனாக நடந்து பழகச் சில மாத அவகாசம் வாங்கித் தந்தது.

கென்யாவின் வழி வேறு. நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987-ல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், கோல் போட்டால் மட்டும் லீக் பட்டியலில் மேலே போக முடியாது. அணியாகச் சேர்ந்து தெருக் குப்பையை அள்ளினால் அதற்கும் புள்ளி. சாக்கடை ஓரத்தில் மண்வெட்டியோடு நிற்கும் பையனுக்குப் பக்கத்தில் நிற்பவன் எந்த இனம் என்பது அந்த நேரத்தில் இரண்டாம் பட்சம். இதில் வளர்ந்த மத்தாரே யுனைடெட் 2008-ல் கென்யப் பிரீமியர் லீக்கையே வென்றது. ஆனால் இது சின்ன வயதில் பிடித்து வளர்க்கும் முறை. ஏற்கெனவே கத்தி எடுத்தவனைத் தேடிப் போகும் முறை அல்ல. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து "எது சிறந்தது" என்று கேட்பதே தப்பு.

சோமாலியாவில் எல்மான் குடும்பம் கொடுத்த விலையைப் பார்த்தால் ஒப்பிடவே கை கூசுகிறது. "துப்பாக்கியைக் கீழே போடு, பேனாவை எடு" என்று சொன்ன எல்மான் அலி அகமது 1996-ல் கொல்லப்பட்டார். மகள் இல்வாத் தலைநகர் மொகதிஷுவுக்குத் திரும்பி, தாய் ஃபர்தூன் அதானுடன் சிறார் போராளிகளை மீட்கும் வேலையைத் தொடர்ந்தார். 2019-ல் சகோதரி அல்மாஸும் சுட்டுக்கொல்லப்பட்டார். வேலை நிற்கவில்லை.

மிச்சம் இருப்பது மாநாட்டு வழி. 2015 டிசம்பரில், அமைதி முயற்சிகளில் இளைஞருக்கும் பங்கு கொடுக்கச் சொல்லும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2250-ஆம் தீர்மானம், பிறகு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் இளைஞர் அமைதித் தூதர்கள். பேச்சுவார்த்தை மேசையில் இளைஞருக்கு நாற்காலி கேட்க இந்தக் காகிதம் உதவும். மன்ரோவியா தெருமுனையில் நிற்பவனை அது போய்ச் சேர நெடுநாள் ஆகும்.

என்னிடம் பணம் இருந்து, போர் ஓய்ந்த ஊர் ஒன்றில் செலவிடச் சொன்னால் யோசிக்காமல் நெப்பி வழிதான். சண்டை இன்னும் மூளாத குடிசைப் பகுதி என்றால் பந்தும் மண்வெட்டியும். லைபீரியத் திட்டத்துக்கு ஆளுக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 530 டாலர், அந்த 200 டாலர் ரொக்கத்தையும் சேர்த்து.