பக்க எண்ணா, அத்தியாய எண்ணா? எங்கள் பொன்னியின் செல்வன் விக்கியில் செய்த மாற்றம்

பொன்னியின் செல்வனுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு ரசிகர் விக்கி நடத்தி வருகிறோம். போன வருடம் அதன் சான்று முறையை, அதாவது ஒரு தகவல் நாவலில் எங்கே இருக்கிறது என்று காட்டும் முறையை, முழுக்க மாற்றினோம். முன்பு பக்க எண் கொடுத்தோம், இப்போது பாகமும் அத்தியாயமும் கொடுக்கிறோம். எனக்கு இந்தப் புது முறைதான் பிடித்திருக்கிறது.

பக்க எண்ணில் துல்லியம் அதிகம், அதை மறுக்க முடியாது. ஆனால் யார் கையில் உள்ள புத்தகத்தின் பக்கம்? நாட்டுடைமையான நாவல் என்பதால் பல பதிப்பகங்கள் வெளியிட்டிருக்கின்றன. எழுத்தளவு வேறு, தாள் அளவு வேறு, சிலவற்றில் ஓவியங்களும் உண்டு. என் பிரதியைப் பார்த்து நான் போட்ட எண், இலவசத் தமிழ் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தின் மின்னூலில் படிப்பவருக்கு எதற்கும் உதவாது. குந்தவை பக்கத்தில் மூன்று பேர் மூன்று பதிப்பை வைத்துப் போட்ட எண்கள் கலந்து கிடந்தன. சரிபார்க்க உட்கார்ந்தபோது எந்த எண் எந்தப் பதிப்புக்கு உரியது என்றே பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு தகவலையும் நாவலில் மறுபடி தேடினோம். இரண்டு வாரம் அதிலேயே போனது. படிப்பவர் தன் பிரதியைத் திறந்து பார்க்க முடியாவிட்டால் அதைச் சான்று என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

அத்தியாயம் அப்படி இடம் மாறாது. ஐந்து பாகங்களில் முறையே 57, 53, 46, 46, 91, ஆக மொத்தம் 293. ‘ஆடித்திருநாள்’ என்றால் யாருக்கும் முதல் பாகத்தின் முதல் அத்தியாயம்தான். ஒரு வார்ப்புரு (விக்கிப் பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆயத்த அச்சு) செய்து வைத்தோம். இரண்டு எண்களைக் கொடுத்தால் தலைப்பு தானாக வந்துவிடும். ஒவ்வொரு பாகத்திலும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால் பாக எண்ணை மட்டும் விட்டுவிடக் கூடாது. நீளமான அத்தியாயம் என்றால் அந்த வரியின் நாலைந்து சொற்களையும் சேர்த்துவிடுகிறோம். மின்னூலில் தேட அது போதும்.

அப்புறம், எது நாவல், எது வரலாறு, எது படம் என்று அடையாளமிடும் விஷயம். ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் வூக்கிபீடியாவில், 2014இல் பழைய கதைகள் அதிகாரபூர்வக் கதையில் சேராதவை என்று ‘லெஜண்ட்ஸ்’ என்ற பெயரில் பிரிக்கப்பட்ட பிறகு, ஒரே பாத்திரத்துக்கு இரண்டு தனிப் பக்கங்கள் வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மேலே தாவல் (tab) கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது பொருந்துகிறது. எங்களுக்கு ஒரே பக்கத்தில் ‘நாவலில்’, ‘வரலாற்றில்’, ‘திரைப்படத்தில்’ என்று தலைப்பிடுவதே மேல் என்று நினைக்கிறேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களில் ஒருவனாக ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினியோ கல்கியின் கற்பனை. இந்த வேறுபாடு ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தால்தான் வாசகர் கண்ணில் படும். ஆனால் எங்களுடையது சின்ன விக்கி. ஆயிரக்கணக்கில் பக்கங்கள் உள்ள இடத்தில் இதே முறை தாங்குமா என்று அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

2022, 2023இல் வந்த இரண்டு படங்களுக்கும் நிமிடக் கணக்கில் சான்று கொடுக்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம். அது சரிவருமா என்று பார்க்க இன்னும் சில மாதமாவது வேண்டும். அதுவரை எந்தப் படம், எந்தக் காட்சி என்று மட்டும் எழுதி வருகிறோம்.