"கோ-ஸ்பான்சர் இருக்கார்ல, போதும் மேடம்": இந்த ஒரு வார்த்தையால் எங்களுக்கு வீணாகப் போன ஏழு மாதம்

இந்தியாவில் இருந்துகொண்டு கணவருக்கோ மனைவிக்கோ அமெரிக்கக் குடியேற்ற விசா எடுக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்காக இதை எழுதுகிறேன். மனு போட்டவருக்கு அமெரிக்காவில் குடியிருப்பு இல்லை என்று விசா நிற்கும் பிரச்சினை இது. அங்கேயே வேலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வராது. என்னைப் போல ஊருக்குத் திரும்பி வந்து சில வருடம் தங்கிவிட்டவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எம்.எஸ். படிக்கப் போய், வேலை பார்த்து, 2016-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினேன். 2018-இல் அப்பாவுக்குப் பக்கவாதம். அம்மா இல்லை, நான் ஒரே பெண். வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்கு வந்துவிட்டேன். 2022 ஆகஸ்டில் கல்யாணம் ஆனது. எப்படியும் நாளாகும் என்று அக்டோபரிலேயே கணவருக்கான ஐ-130 குடும்ப மனுவை நானே ஆன்லைனில் போட்டேன். அப்போது கட்டணம் 535 டாலர், 2024 ஏப்ரலில் இருந்து ஆன்லைனுக்கு 625. அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

2023 கடைசியில் அப்பா தவறிவிட்டார். அடுத்த மாதமே மனு அப்ரூவ் ஆகி, கேஸ் நேஷனல் விசா சென்டருக்கு (இன்டர்வியூவுக்கு முன் கட்டணமும் ஆவணங்களும் வாங்கும் அமெரிக்க அரசு அலுவலகம்) போய்விட்டது என்று மெயில் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உட்கார்ந்து படிவம் நிரப்பும் மனநிலை எனக்கு இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று திருச்சியில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். வழக்கு நடப்பதால் பெயர் சொல்லவில்லை. 1,35,000 ரூபாய் பேசினார்கள். அரசாங்கக் கட்டணம் 325 டாலரும் 120 டாலரும் தனி.

அந்த ஏஜென்ட் தன்மையாகத்தான் பேசினார். குடியேறுபவரைப் பண ரீதியாகத் தாங்குவேன் என்று உறுதி கொடுப்பவர்தான் ஸ்பான்சர். நான் முதல் நாளே கேட்டேன்: "நான் ஆறு வருஷமா இங்கே இருக்கேன், அங்கே வேலை இல்லை, சம்பளம் இல்லை, ஸ்பான்சர் பண்ண முடியுமா?" அவர் சிரித்துக்கொண்டே, "உங்க அண்ணன் நியூ ஜெர்சியில இருக்கார்னு சொன்னீங்களே, அவர் கோ-ஸ்பான்சரா கையெழுத்துப் போட்டா எல்லாம் கவர் ஆயிடும் மேடம்" என்றார். அண்ணன் என்றால் சித்தப்பா மகன். கேட்டவுடன் தன் டாக்ஸ் பேப்பர், சம்பளச் சீட்டு எல்லாம் அனுப்பிவிட்டார். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2024-இல் கேட்ட வருமானம் ஆண்டுக்கு 25,550 டாலர்தான். அண்ணனுக்குத் தன் வீட்டு ஆட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் அதற்கு மேல் நிறையவே இருந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது.

ஏஜென்ட் சொன்னது அடிப்படையிலேயே தவறு. ஐ-864 என்கிற ஆதரவு உறுதிப் படிவத்தில் ஸ்பான்சருக்கு இரண்டு தகுதி தனித்தனியாக வேண்டும். ஒன்று வருமானம், மற்றொன்று டொமிசைல். வருமானம் போதவில்லை என்றால் இன்னொருவர் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். டொமிசைல் இல்லை என்றால் யாராலும் ஈடுகட்ட முடியாது. மனு போட்டவருக்கு டொமிசைல் இல்லாவிட்டால் அவர் ஸ்பான்சரே ஆக முடியாது. அவர் ஸ்பான்சர் இல்லை என்றால் கூட ஒரு ஸ்பான்சர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணன் கோடீஸ்வரராக இருந்தாலும் இதுதான் நிலை.

டொமிசைல் என்றதும் நமக்குத் தாசில்தார் கொடுக்கும் இருப்பிடச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். இது அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது, எந்த ஆபீசிலும் எழுதித் தர மாட்டார்கள். உங்கள் முதன்மையான குடியிருப்பு அமெரிக்காவில் இருக்கிறது, அதை அங்கேயே வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதுதான் அதன் பொருள். வெளிநாட்டில் இருப்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. நான் தற்காலிகமாகத்தான் வந்தேன், அங்கே என் தொடர்பு அறுபடவில்லை என்று காட்டலாம். அல்லது என் கணவர் அங்கே குடியேறி நுழையும் நாளுக்குள் நானும் அங்கே குடியிருப்பை ஏற்படுத்திக்கொள்வேன் என்று காட்டலாம். வாயால் சொன்னால் போதாது, அதற்கான வேலைகளைத் தொடங்கிவிட்டதற்கு ஆதாரம் வேண்டும். அமெரிக்க அரசு வேலையிலோ, வெளிநாட்டு வணிகம் செய்யும் அமெரிக்க நிறுவனத்தின் வேலையிலோ வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் போன்ற சிலருக்குத் தனி விதி உண்டு. எனக்கு அது பொருந்தாது.

இதில் ஒன்றைக்கூட அந்த ஆபீசில் யாரும் சொல்லவில்லை. நேஷனல் விசா சென்டர் கணக்குக்கு என் மெயிலுக்குப் பதிலாகத் தங்கள் மெயிலைக் கொடுத்துவிட்டார்கள். கேஸ் நம்பர் தெரியும், உள்ளே நுழையத் தேவையான இன்வாய்ஸ் நம்பரை மட்டும் தரவில்லை. கேட்டால் "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம் மேடம், நீங்க உள்ள போய் எதையாவது அழுத்திட்டா கேஸ் லாக் ஆயிடும்" என்பார்கள். நானும் நம்பி விட்டுவிட்டேன்.

2024 டிசம்பரில் மும்பையில் இன்டர்வியூ. என் கணவர் உள்ளே போனார், நான் வெளியே பாந்த்ரா குர்லா வளாகத்தில் காத்திருந்தேன். ஆபீசர் மூன்று கேள்விதான் கேட்டாராம். மனைவி எங்கே இருக்கிறார்? திருச்சியில் என்னோடு. எத்தனை வருடமாக? ஆறு வருடமாக. எப்போது திரும்பிப் போகிறார்? எனக்கு விசா கிடைத்ததும். எல்லாம் உண்மையான பதில்கள்தான். ஆனால் கடைசிப் பதிலுக்குக் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. 221(ஜி), அதாவது ஆதாரம் போதவில்லை என்று விசாவை நிறுத்தி வைக்கும் பிரிவு, என்று போட்ட ஒரு தாளைக் கொடுத்து, பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனுதாரரின் அமெரிக்க டொமிசைலுக்கு ஆதாரம், புதிய ஐ-864, வருமான வரி ஆவணம், மூன்றும் வேண்டும் என்று அதில் இருந்தது.

திருச்சிக்குத் திரும்பிய மறுநாள் அந்த ஆபீசில் போய் உட்கார்ந்து, இன்வாய்ஸ் நம்பர் தராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தந்தார்கள். அங்கேயே மொபைலில் திறந்து பார்த்தேன். மே மாதமே ஒரு செய்தி வந்து கிடந்தது: ஸ்பான்சர் இப்போது அமெரிக்காவில் வசிப்பதாகத் தெரியவில்லை, டொமிசைலுக்கான ஆதாரத்தை இன்டர்வியூவுக்குக் கொண்டு வரவும். ஏழு மாதமாக அது அவர்கள் மெயிலில் இருந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதைவிட மோசம் ஐ-864 படிவம். நாலாம் பகுதியில் ஸ்பான்சர் பற்றிய விவரம் வரும். அங்கே முகவரிக்குக் கீழே டொமிசைல் எந்த நாடு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இந்தியா' என்று டைப் செய்திருந்தார்கள். அமெரிக்க டொமிசைல் இருந்தால்தான் செல்லும் என்கிற படிவத்தில், என் கையெழுத்தோடு, எனக்கு அமெரிக்க டொமிசைல் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தது போல. கையெழுத்துப் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து நீட்டினார்கள், நான் போட்டுக் கொடுத்தேன். கடைசியில் படிவம் தயாரித்தவர் பெயரும் கையெழுத்தும் வர வேண்டிய இடம் காலி. காசு வாங்கிக்கொண்டு நிரப்பிக் கொடுப்பவர் அங்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடவில்லை என்றால் நாளைக்கு எந்தத் தவறுக்கும் அவர் பொறுப்பில்லை என்று ஆகிவிடும்.

டாக்ஸ் விஷயத்திலும் இதே கதை. "இந்திய வருமானத்துக்கு அங்கே ஃபைல் பண்ண வேண்டாம், ஒரு லெட்டர் போதும்" என்று ஒரு கடிதத்தை வைத்திருந்தார்கள். அமெரிக்கக் குடிமக்கள் எந்த நாட்டில் சம்பாதித்தாலும், வரம்பைத் தாண்டினால் அங்கே ரிட்டர்ன் போட வேண்டும். வரி கட்ட வேண்டி வராமல் போகலாம், ஆனால் ரிட்டர்ன் போடாமல் இருக்க முடியாது. இங்கே வந்த பிறகு நான் போடவே இல்லை. வேண்டுமென்று செய்யாதவர்களுக்காக ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித்துறை) வைத்திருக்கும் ஸ்ட்ரீம்லைன்ட் முறையில் மூன்று வருட ரிட்டர்னும் ஆறு வருட எஃப்பார் என்கிற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் போட்டுச் சரிசெய்தேன். வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் போட வேண்டும். அப்பாவோடு ஜாயின்ட்டாக வைத்திருந்த அவருடைய பென்ஷன் கணக்கும் அதில் சேரும் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் ஏஜென்ட் போன் செய்தார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன். "ஹூஸ்டன்ல நமக்கு வேண்டியவர் இருக்கார், உங்க பேர்ல லீஸ் அக்ரிமென்ட் ரெடி பண்ணிடலாம், 40,000 ஆகும்" என்றார். மாதிரிக்கு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் பெயர், வாடகை, தேதி எல்லாம் இருந்தது. பின்கோடு மட்டும் ஆறு இலக்கம். அமெரிக்காவில் ஜிப் கோடு ஐந்து இலக்கம். யாருக்கெல்லாம் இதை விற்றிருக்கிறார்களோ என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. போலி ஆவணம் கொடுத்து விசா வாங்கப் பார்த்தால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவில் வாழ்நாள் தடை வரலாம். தடை எனக்கு வராது, என் கணவருக்கு வரும். அதை நீக்க வேண்டுமென்றால் தனியாக விலக்கு மனு போட்டு, அவர் வராவிட்டால் எனக்குக் கடுமையான துன்பம் ஏற்படும் என்று நிரூபிக்க வேண்டும். ஆதாரம் குறைவு என்று நிற்கும் 221(ஜி)-யை ஒரு வருடத்துக்குள் கேட்டதைக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். பொய் என்று பதிவானால் அவ்வளவு சுலபமாக மீள முடியாது. இப்படி யாராவது உங்களிடம் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உண்மையான ஆதாரம் என்னிடமே நிறைய இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூடாமல் வைத்திருந்த அமெரிக்க வங்கிக் கணக்கு, பழைய கம்பெனியின் 401(கே) ஓய்வூதியக் கணக்கு, வருடா வருடம் பயன்படுத்திய கிரெடிட் கார்டு. 2020-இலும் 2024-இலும் வெளிநாட்டு வாக்காளராக இங்கிருந்தே ஓட்டுப் போட்டிருந்தேன். கவுண்டி அலுவலகம் வாக்குச்சீட்டு அனுப்பிய மெயில்கள் அப்படியே இருந்தன. ஏன் வந்தேன் என்பதற்கு அப்பாவின் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, ஏன் இனி இங்கே இருக்கத் தேவையில்லை என்பதற்கு அவருடைய இறப்புச் சான்றிதழ். அந்த இரண்டையும் ஒரே கவரில் வைத்தபோது மனசு கனத்துவிட்டது.

மிச்சத்தைப் புதிதாகச் செய்தேன். திருச்சிக் கணக்கிலிருந்து பணத்தை அங்கே மாற்றினேன். வேலைக்கு விண்ணப்பித்து, மார்ச்சில் நியூ ஜெர்சியில் ஒரு வேலைக் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் தன் வீட்டில் தங்குவோம் என்று அண்ணன் ஒரு கடிதம் எழுதி, வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டும் இணைத்தார். அண்ணி அந்த அறையைக் காலி செய்து போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கட்டாயம் என்று யாரும் கேட்கவில்லை, அதையும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே தேதிவாரியாக இரண்டு பக்கக் கடிதம், ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று குறிப்போடு. ஸ்பான்சர் முன்னதாகப் போய்விட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, இருவரும் ஒன்றாக இறங்கினால் போதும். வேலை ஏப்ரலில் தொடங்கியதால் நான் முதலில் வந்துவிட்டேன், அது இன்னும் வலுவானது. முதல் மூன்று சம்பளச் சீட்டுகளையும் அந்த ஆவணங்களோடு சேர்த்துக்கொண்டேன்.

புதிய ஐ-864-இல் அந்த டொமிசைல் கட்டத்தை நானே நிரப்பி, எல்லாவற்றையும் மே கடைசியில் கொடுத்தோம். அதற்குள் என் கணவர் விசாவுக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனை காலாவதி ஆகிவிட்டது. பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும். திரும்பப் பணம் கட்டி எடுத்தார். ஜூலையில் விசா வந்தது. அவர் பள்ளியில் ஜனவரியில் ராஜினாமா செய்ய எழுதி வைத்திருந்த கடிதத்தை ஏழு மாதம் பையிலேயே வைத்திருந்தார்.

ஏஜென்ட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கேஸ் நம்பரையும் இன்வாய்ஸ் நம்பரையும் வாங்கி நீங்களே உள்ளே போய் ஒவ்வொரு செய்தியையும் படியுங்கள். மெயில் உங்களுடையதா என்று பாருங்கள். சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநில பாரில் (வழக்கறிஞர் மன்றத்தில்) பதிவான வழக்கறிஞரையோ, அந்நாட்டு நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதியையோ கேளுங்கள். வழக்கறிஞர் பதிவை அந்த மாநில பார் இணையதளத்திலேயே பெயர் போட்டுத் தேடிப் பார்த்துவிடலாம். எனக்கு ஒரு மணி நேர ஆலோசனை போதுமானதாக இருந்தது, ஏஜென்டுக்குக் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதில் 'டாக்குமென்டேஷன் சார்ஜ்' என்றுதானே இருக்கிறது, விசா வாங்கித் தருவதாக எங்கே எழுதியிருக்கிறது என்றார்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். படிவத்தின் அந்த நாலாம் பகுதி, மே மாதத்துச் செய்தி, ஆறு இலக்க பின்கோடு போட்ட லீஸ், மூன்றின் நகலையும் புகாரோடு இணைத்திருக்கிறேன்.