பவுலே துணியா, கென்டேயா?

ஐவரி கோஸ்ட்டின் நடுப்பகுதியில் பவுலே மக்கள் நெய்யும் துணியைக் காட்டினால், "இது கென்டேதானே?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். இல்லை. கென்டே, கானாவின் அசாந்திகள் நெய்யும் புகழ்பெற்ற துணி. அதற்கு இது உறவு, ஆனால் நகல் கிடையாது.

உறவு எப்படி வந்தது? பவுலேக்களும் கானா நாட்டு அசாந்திகளும் அக்கான் இனத்தின் கிளைகள். 18ஆம் நூற்றாண்டில் அசாந்திகளின் தலைநகரான குமாசியில் அரியணைச் சண்டை முற்றியபோது, அப்லா போக்கு என்ற அரசி தன் கூட்டத்தோடு மேற்கே கிளம்பினார். கோமோயே ஆறு வழிவிடாததால் பெற்ற பிள்ளையையே ஆற்றுக்குக் கொடுத்தார் என்பது பவுலேக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 'பிள்ளை இறந்துவிட்டது' என்று அன்று சொன்ன சொல்லே இனத்தின் பெயரானதாம்.

தறியில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் வழக்கமாக ஆண்கள்தான் நெய்கிறார்கள். பாவு, அதாவது நீளவாக்கு இழை, நீளமாக முன்னே ஓடும், அதன் நுனியில் கட்டிய கல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கையகல நாடாக்களாக நெய்து, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்தால்தான் முழுத்துணி.

பூ போடும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. கென்டேயில் குறுக்கே ஓடும் ஊடு இழைதான் பேசும். மஞ்சள், சிவப்பு, பச்சைக் கட்டங்கள் பளிச்சென்று, கறாரான ஓரங்களோடு நிற்கும். பவுலேயின் பெருமை பாவு இழையில் இருக்கிறது. நெய்வதற்கு முன்பே இழைகளை இடையிடையே கட்டி அவுரிச் சாயத்தில் தோய்க்கிறார்கள். இக்கத் என்கிறோமே, அதே முறை. கட்டிய இடம் வெள்ளையாக நிற்க, சாயம் ஓரத்தில் லேசாகக் கசிந்து, நீலம் தண்ணீரில் அசைகிற மாதிரி இருக்கும். அந்தக் கலங்கலை மங்கல் என்று ஒதுக்குபவர்களுடன் எனக்கு ஒத்துப்போகாது. அழகே அதுதான்.

துணி சொல்லும் அர்த்தத்துக்கு வருவோம். கென்டேவில் அர்த்தம் பெயரில் இருக்கிறது. 'ஃபாத்தியா ந்க்ருமாவுக்குப் பொருத்தமானவள்' என்று கானாவின் ஜனாதிபதி ந்க்ருமாவின் மனைவி பெயரில் ஒரு வடிவம் இருந்தது. 1966இல் ந்க்ருமாவின் ஆட்சி கவிழ்ந்ததும் அதே வடிவம் 'ஒருவர் மட்டும் நாட்டை ஆள முடியாது' என்று பெயர் மாறியது. துணி அங்கே சபையில் எழுந்து பேசுகிறது.

பவுலே துணி வீட்டுக்குள் பேசுகிறது. தங்கத்தூள், தங்க நகைகளோடு நல்ல துணிகளும் சேர்ந்ததுதான் 'அஜா' எனப்படும் குடும்பப் பொக்கிஷம். அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கைமாற்றுவார்கள். சாவு வீட்டில் இறந்தவரைச் சுற்றி இந்தத் துணிகளைப் பரப்பி வைக்கும்போது, அவர் எப்பேர்ப்பட்ட குடும்பம் என்பது ஊருக்குத் தெரியும். இங்கே யார் வைத்திருந்தது, யார் கையால் வந்தது என்பதுதான் கேள்வி.

ஹாலந்திலிருந்து வந்த வாக்ஸ் பிரிண்ட் மூன்றாவது போட்டியாளர். விலை மலிவான ரகங்கள் ஏராளம், தினமும் உடுத்தலாம், 'என் புருஷன் கெட்டிக்காரர்' என்பது போன்ற சுவையான பெயர்களும் உண்டு. ஆனால் அது அச்சுத்துணி. நெசவோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

புகழில் கென்டேவை யாரும் தொட முடியாது. 2024இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. விழா மேடையில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்றால் தயங்காமல் கென்டே எடுங்கள். வீட்டில் வைத்துப் பாதுகாத்துப் பிள்ளைக்குக் கொடுக்க என்றால் என் கை பவுலே பக்கம்தான் போகும். ஒன்று மட்டும் எனக்கு வலிக்கிறது: பவுலே தறியில் தொங்கும், முகம் செதுக்கிய மரக் கப்பிகளை உலக அருங்காட்சியகங்கள் தேடித்தேடிச் சேர்த்தன. அந்தக் கப்பிக்குக் கீழே உருவான துணிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

வாங்கும்போது எதுவானாலும் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் அச்சு. கையகலத்துக்கு ஒரு தையல் ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பவுலே என்றால் ஐவரி கோஸ்ட்டின் யாமுசுக்ரோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள போமிசாம்போ போன்ற நெசவுக் கிராமத்துக்கே போய், தறியில் இருப்பதைப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.