ஆத்துல ஓடுற தண்ணியும் அதோட சூடும்: எந்த டவுன்ஸ்கேலிங் டேட்டா?

குளோபல் கிளைமேட் மாடல் (உலகம் முழுக்க வானிலைப் போக்கைக் கணக்குப் போடற மாடல்) டேட்டாவை அப்படியே ஆத்து மாடல்ல போட்டா வேலைக்கு ஆகாது. ஒரு கட்டமே சுமாரா 100 கிலோமீட்டர், அதுக்குள்ள மலை, மழை மறைவுப் பக்கம், ரெண்டு மூணு சின்ன ஆறு எல்லாம் ஒரே நம்பரா கரைஞ்சிடும். அதனால டவுன்ஸ்கேலிங், அதாவது இந்தப் பெரிய கட்ட டேட்டாவை உள்ளூர் அளவுக்கு நுணுக்கமா மாத்தறது, பண்ணித்தான் ஆகணும், எப்படிங்கறதுலதான் சண்டையே.

டெல்டா முறை சோம்பேறிக்கு ஏத்தது. மாடல் சொல்ற மாற்றத்தை மட்டும் எடுத்து, பழைய ஸ்டேஷன் டேட்டால வெப்பத்தோட கூட்டு, மழையோட பெருக்கு, முடிஞ்சுது. மாச சராசரி நீரோட்டம் மட்டும் போதும்னா இது தாராளமா போதும். ஆனா மழை நாள் வரிசை பழசேதான், 20 நாள் வறட்சி 20 நாளாவே நிக்கும். ஆறு கொதிக்கறதே தண்ணி வத்தி வெயில் விடாம அடிக்கிற நாள்லதான், அது நீளுமாங்கறதை இது சொல்லவே சொல்லாது.

குவான்டைல் மேப்பிங் ஒரு படி மேல. மாடல் நம்பர்கள் பரவியிருக்கிற விதத்தை அளந்த டேட்டாவோட பரவலுக்கு ஒத்து வர்ற மாதிரி திருத்தறதுதான் இது. மாடல்ல சும்மா சும்மா தூறிட்டே இருக்கிற மழையை நல்லா சரி பண்ணும். நாசாவோட நெக்ஸ்-ஜிடிடிபி டேட்டாத் தொகுப்பு இந்த ரகம்தான், 0.25 டிகிரி கட்டம், தினசரி, இலவசம். சிக்கல் என்னன்னா மழையையும் வெப்பத்தையும் தனித்தனியா திருத்தறாங்க. பனி விழுற மலைப்பக்கம் பாருங்க, மாடல்ல -1 டிகிரில 40 மில்லிமீட்டர் விழுந்த நாள் திருத்தினப்புறம் +2 ஆச்சுன்னா அவ்வளவும் மழைன்னு கணக்காகி உடனே ஓடிடும், கோடைல உருகி வரவேண்டிய தண்ணி இல்லாம ஆறு வத்தி, மாடல்ல சூடும் எகிறிடும். ஒரு தப்பு, ரெண்டு ரிசல்ட்டும் காலி.

ரீஜனல் மாடல் (ஒரு பகுதிக்கு மட்டும் நுணுக்கமா ஓட்டற மாடல், கோர்டெக்ஸ்ங்கற சர்வதேசத் திட்டத்துல இருக்கிற மாதிரி, ஐரோப்பாவுக்கு 0.11 டிகிரி கட்டம், அதாவது சுமார் 12 கிலோமீட்டர்) இயற்பியலையே ஓட்டுது, அதனால வெயில், ஈரப்பதம், காத்து, மழை எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரும். தண்ணிச் சூட்டுக்கு இதுதான் உயிர், காத்து வெப்பத்தை மட்டும் வெச்சு கணக்குப் போட்டா ஆவியாகிக் குளிர்றது, ஓட்டம் குறைஞ்சா சீக்கிரம் சூடாகறது எதுவும் நேரடியா வராது. ஆனா இதுலயும் பயஸ் (ஒரே பக்கமா சாயற பிழை) உண்டு, ஓட்டவும் கம்ப்யூட்டர் செலவு எக்கச்சக்கம், அதனால கிடைக்கிற ரன்னும் கம்மி.

என் ஓட்டு: நீரோட்டம் மட்டும்னா குவான்டைல் மேப்பிங், நிறைய மாடலோட. சூடும் வேணும்னா ரீஜனல் மாடல், அதுக்கு மேல மழை, வெப்பம் மாதிரி எல்லா மாறியையும் சேர்த்துத் திருத்தற பயஸ் கரெக்‌ஷன். எதை எடுத்தாலும் முதல்ல பழைய வருஷங்களுக்கு ஓட்டி, ஓட்டம் ரொம்பக் குறைஞ்ச வாரமும் தண்ணி ரொம்ப சூடான வாரமும் அளந்த டேட்டால வர்ற மாதிரியே சேர்ந்து வருதான்னு பாருங்க, தனித்தனி சராசரி மட்டும் பொருந்துதேன்னு ஏமாந்துடாதீங்க.