பி.எஃப்.ஏ.எஸ். தேட எது: டிரிபிள் குவாட்ரபோலா, ஆர்பிட்ராப்பா?

பி.எஃப்.ஏ.எஸ். என்பவை எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள். அவற்றை அயனி நிறையை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவிகள் இரண்டு: குறித்த நிறையை மட்டும் உள்ளே விட்டு, உடைத்து, துண்டை எண்ணுவது டிரிபிள் குவாட்ரபோல்; எல்லா அயனிகளின் நிறையையும் பல தசம இடம்வரை அளப்பது ஆர்பிட்ராப். குடிநீர் மாதிரி, தேட வேண்டிய சேர்மங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஸ்டாண்டர்டு (செறிவு தெரிந்த தூய ஒப்பீட்டுப் பொருள்). மூன்றும் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டிரிபிள் குவாட்ரபோல்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் இந்தக் குடும்பத்தின் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஒவ்வொன்றுக்கும் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். நாளெல்லாம் மாதிரி ஓட்டினாலும் அந்த அளவில் அசராமல் எண் தரும் கருவி இது.

மீன், முட்டை என்று வந்தால்தான் வில்லங்கம். பி.எஃப்.ஓ.எஸ். அயனியின் நிறை 498.93, பித்த அமிலமான டாரோடிஆக்சிகோலிக் அமிலத்தினுடையது 498.29. குவாட்ரபோல் சுமார் 0.7 அகலத்துக்குக் கதவைத் திறந்து வைப்பதால் இரண்டும் உள்ளே நுழைந்துவிடும். உடைத்தால் இரண்டுமே 80 தரும். 499→80-ஐ (499 நிறை அயனி உடைந்து 80 தருவதை) மட்டும் நம்பினால் இல்லாத பி.எஃப்.ஓ.எஸ். முளைக்கும். 499→99-ஐயும் எடுங்கள்; பித்த அமிலம் 99 தராது. ஆனால் பி.எஃப்.ஓ.எஸ். தரும் 99-இன் சிக்னல் வலுக் குறைவு. பி.எஃப்.ஓ.எஸ்.-இன் கிளைத்த ஐசோமர்களும் (அதே சூத்திரம், வேறு வடிவம்) 80/99 விகிதத்தைக் குலைக்கும் என்பதால், விகிதம் பிசகியதுமே மாதிரியைத் தள்ளிவிடக் கூடாது. பித்த அமில ஸ்டாண்டர்டைத் தனியாக ஓட்டி, கருவிக்கு முன்னுள்ள பிரிப்புக் குழாயிலிருந்து (column) அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். பி.எஃப்.ஓ.எஸ்.-ஐ ஒட்டி வந்தால் கிரேடியண்ட்டை (கரைப்பான் கலவை மாறும் விதத்தை) மாற்றுங்கள். ஆர்பிட்ராப்புக்கு இந்த 0.64 வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

குட்டைச் சங்கிலி பி.எஃப்.ஏ.எஸ். ஆன பி.எஃப்.பி.ஏ.வும் இப்படித்தான் படுத்தும். 213→169 தவிர நம்பத்தக்க இரண்டாவது அயனி கிடையாது; ஆர்பிட்ராப்பிலோ 212.979 என்ற துல்லிய நிறையே சாட்சி.

பட்டியலில் இல்லாததை குவாட்ரபோல் திரும்பியும் பார்க்காது. அமெரிக்காவின் கேப் ஃபியர் ஆற்றில் ஜென்எக்ஸ் என்ற பி.எஃப்.ஏ.எஸ். இருப்பதை 2015-இல் காட்டியது, ஆர்பிட்ராப்பைப் போலவே துல்லிய நிறை அளக்கும் டாஃப் (TOF) கருவி. ஃபுல் ஸ்கேன் (எல்லா நிறைகளையும் பதியும்) கோப்பு இருந்தால், 49.9968 (ஒரு CF2 அலகின் நிறை) இடைவெளியில் வரும் தொடர்களைப் பிற்பாடும் தோண்டலாம். ஸ்டாண்டர்டு இல்லாமல் கிடைக்கும் செறிவு மட்டும் உத்தேசக் கணக்கே. சூத்திரம் வரைதான் உறுதியானது என்றால் அடையாளம் எவ்வளவு உறுதி என்று சொல்லும் ஷிமான்ஸ்கி அளவுகோலில் (1 உச்சம், 5 கடைசி) அது 4-ஆம் நிலை; அறிக்கையில் அதற்குமேல் ஏற்றாதீர்கள்.

ஆர்பிட்ராப்பில் பிரிதிறனை (நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறனை) கூட்டினால் வேகம் போகும். 1,20,000-இல் வினாடிக்குச் சுமார் 4 ஸ்கேன். 4 வினாடி அகலப் பீக்கில் (சேர்மம் வெளிவரும்போது எழும் சிகரம்) இடையிடையே எம்.எஸ்./எம்.எஸ். (அயனியை உடைத்துப் பார்க்கும் ஸ்கேன்) செருகினால் புள்ளிகள் பத்துக்கும் கீழே இறங்கி, பரப்பளவு ஆட்டம் காணும். 60,000-க்கு இறக்குங்கள்.

பம்ப்பின் டெஃப்லான் பாகங்களிலிருந்து கசியும் பி.எஃப்.ஓ.ஏ. எந்தக் கருவியையும் விடாது. மிக்ஸருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே சிறிய சி18 பிரிப்புக் குழாய் (column) ஒன்றை மாட்டினால், அந்தக் கசிவு மாதிரியின் பீக்குக்குப் பின்னால் தனியாக வந்து சேரும்.